மேடையேறிப் பேச வேண்டுமா? சேலம் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடிக் கொட்டகையில் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடுகிறோம். கொலுசுப் பட்டறைக்காரர், ஜவ்வரிசி ஆலைக் கணக்கர், கல்லூரி மாணவிகள், ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வரும் காபித் தோட்ட மேஸ்திரி என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நடத்துகிற நான் முப்பது வருடம் வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். நாற்பத்தைந்து வயதுவரை மைக்கைக் கண்டால் ஒதுங்கிப் போனவன். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒவ்வொரு வாரமும் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

மேடையேறினால் கைகால் நடுங்குகிறது. பயம் போக என்ன வழி?

முழுதாகப் போகாது. எனக்கு இன்றும் பெயரைக் கூப்பிட்டவுடன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆபத்து என்று மூளை நினைத்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் குறைகிறது, மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. மேடையில் ஓட இடமில்லை, அதனால் முழங்காலில் நடுக்கமாக இறங்குகிறது. உங்கள் முறை வருவதற்கு முன் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்தாறு தடவை போதும், படபடப்பு கொஞ்சம் இறங்கும்.

இரண்டு ஆராய்ச்சிகளை எல்லோருக்கும் சொல்வேன். 2003இல் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது ஒன்று. தன் பதற்றம் எல்லோர் கண்ணுக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார், கேட்கிறவர்களுக்கோ அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இன்னொன்று 2014இல் ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் செய்தது. 'அமைதியாக இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு எடுபட்டது. துள்ளுகிற மாட்டை உட்கார வைப்பது சிரமம், ஏரில் பூட்டுவது சுலபம் என்று எங்கள் மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

ஆனால் எனக்கு உதவியது வள்ளுவர் வைத்த வரிசைதான். திருக்குறளில் 'அவை அறிதல்' 72ஆம் அதிகாரம். 'அவை அஞ்சாமை' அதற்கு அடுத்த 73. நாம் எல்லோரும் 73இல் நேராகக் குதிக்கப் பார்க்கிறோம். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனவனுக்குத் தன் முழங்காலைப் பற்றி நினைக்க நேரம் குறைவு.

அவையை அறிவது என்றால் என்ன செய்ய வேண்டும்?

நான் தவறவிட்ட கதையையே சொல்கிறேன். வங்கியில் இருந்தபோது, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறு காபி விவசாயிகளின் கூட்டமொன்றில் கடன் திட்டங்களைப் பற்றிப் பேச அனுப்பினார்கள். வட்டி விகிதம், அடமானம், காப்பீடு என்று எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். தகரக் கூரை போட்ட கிடங்கு. ஒரு மூலையில் காபிக்கொட்டை மூட்டைகள், இன்னொரு மூலையில் மிளகு உலர்த்தும் பாய்கள் சுருட்டி வைத்திருந்தன. ஐப்பசி மாதம். இரண்டாவது பக்கத்தைப் புரட்டும்போது மழை இறங்கியது. தகரத்தில் கொட்டிய மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் நிறுத்தவில்லை, கத்தினேன். ஏழெட்டு நிமிடம் அப்படியே கத்தியிருப்பேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார், ஒரு சாக்கை உதறி மூட்டையின் மேல் விரித்தார், கையைக் காட்டினார்: "இப்படி வந்து உட்காருங்கள் சார், மழை விடட்டும்."

உட்கார்ந்தேன். அவர் என் காதருகே குனிந்து ஒன்றே ஒன்று கேட்டார். மாசி, பங்குனியில் பூ மழை தவறினால் செடி சரியாகப் பூக்காது, அந்த வருடம் காய்ப்பும் போய்விடும், அப்படிப்பட்ட வருடத்தில் தவணையைத் தள்ளிப்போட வழி உண்டா? அங்கே இருந்த நாற்பது பேரும் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். என் எட்டுப் பக்கத்தில் அது இல்லை. மழை விட்டதும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்தக் கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொன்னேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். கால் நடுங்கியதா என்று யோசித்துப் பார்த்தால் நினைவில்லை.

அன்றிலிருந்து, என்னைக் கூப்பிடுகிறவரிடம் மூன்று கேள்வி கேட்காமல் போனை வைப்பதில்லை. யார் வருகிறார்கள்? எனக்கு முன்னால் யார் பேசுகிறார்? சாப்பாடு எத்தனை மணிக்கு? மூன்றாவதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்ட பிறகு பேசியவர்கள் சிரிக்க மாட்டார்கள். முடிந்தால் அரைமணி முன்னால் போய், வந்து அமர்ந்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் பேச்சுக் கொடுங்கள். மேடையேறியதும் அந்த முகங்கள் தெரிந்த முகங்களாகிவிடும்.

எழுதி வைத்துப் படிக்கலாமா, மனப்பாடம் செய்யலாமா?

பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்தான் எங்கள் வகுப்பில் அதிகம் திணறுகிறார்கள். ஒரு மாணவி வாழப்பாடியிலிருந்து வந்தார். ஐந்து நிமிட உரையை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நடுவில் கீழே தெருவில் கேஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. ஒரு சொல் தவறியது, அவ்வளவுதான், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வரி வரியாகப் படித்தால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் கையோடு வந்துவிடுகிறது.

என் வழக்கம் இது. முழுப் பேச்சையும் ஒருமுறை எழுதுவேன், யோசிப்பதற்காக. பிறகு அந்தத் தாளை வீட்டிலேயே விட்டுவிடுவேன். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் சொல் மாறாமல் நினைவில் இருக்கும். நடுப்பகுதிக்கு அஞ்சலட்டை அளவு அட்டையில் ஐந்து சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வேன். புள்ளிவிவரமும் பெயர்களும் அட்டையிலேயே இருக்கட்டும். அவற்றைப் பார்த்துச் சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை, தவறாகச் சொல்வதில்தான் இருக்கிறது.

அட்டையும் வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய கிரேக்க, ரோமானிய முறை ஒன்று உண்டு. தெரிந்த வழி ஒன்றை மனதில் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கருத்தை வைத்துவிடுவது. தெருமுனை டீக்கடையில் முதல் கருத்து, மாவு மில்லில் இரண்டாவது, பிள்ளையார் கோயிலில் மூன்றாவது. எங்கள் மேஸ்திரி ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இருபது கருத்துகளை வைத்துப் பார்த்தார். உதவவில்லை. வளைவுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, எண் பலகையை எடுத்துவிட்டால் ஓட்டுநருக்கே குழப்பம் வரும். ஒன்றுக்கொன்று முகம் வேறான இடங்களாகத் தேர்ந்தெடுங்கள். அதோடு, இருபது கருத்து எந்தப் பேச்சுக்கும் தேவையில்லை.

பாதியில் மறந்துவிட்டால்?

நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாகச் சொன்னதை வேறு சொற்களில் ஒருமுறை சொல்லுங்கள், பெரும்பாலும் அடுத்தது தானே வந்துவிடும். உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் மௌனம் கேட்பவருக்கு நாலைந்து நொடிதான். வராவிட்டால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதே.

எப்படித் தொடங்குவது? எல்லோர் பெயரையும் சொல்லி வணக்கம் வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

நம் மேடைகளின் தீராத நோய் இது. 'விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும்...' என்று தொடங்கி, பொருளாளர், துணைப் பொருளாளர், பந்தல் போட்டவர் வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போயிருப்பார்கள். ஆறு பேர் பேசும் விழாவில் ஆறு பேரும் அதே பட்டியலைச் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு திறப்பு விழாவில் கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் நாலு நிமிடம் விளித்தார், மூன்று நிமிடம் பேசினார்.

வரவேற்புரை நிகழ்த்துகிறவருக்கு அந்தக் கடமை உண்டு, அவர் எல்லோர் பெயரையும் சொல்லியே ஆக வேண்டும். மற்றவர்கள் தலைவரை ஒருமுறை விளித்து, 'மேடையிலும் எதிரிலும் இருக்கும் பெரியோர் அனைவருக்கும் வணக்கம்' என்றால் மரியாதை குறையாது. கோபிப்பாரே என்று ஒருவரைப் பற்றி அச்சம் இருந்தால், பேச்சின் நடுவில் அவர் செய்த வேலை ஒன்றைச் சொல்லிப் பெயரையும் சொல்லுங்கள். பட்டியலில் ஏழாவது பெயராக வருவதைவிட அவருக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று, 'எனக்குப் பேசத் தெரியாது, பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்' என்ற தொடக்கம். அவையடக்கம் நம் காப்பியப் புலவர்கள் பாடிய மரபுதான். ஆனால் அவர்கள் அதைப் பாடிவிட்டுப் பல ஆயிரம் பாட்டுப் பாடினார்கள். நாம் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை அதற்குக் கொடுக்கிறோம். கேட்பவர்களும் உடனே பிழை தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

வணக்கம் சொன்னபின் முதல் வாக்கியம் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். கொலுசுப் பட்டறைக்காரர் தொழில்முனைவோர் கூட்டமொன்றில் இப்படித் தொடங்கினார்: "காலையில் என் பட்டறைத் தரையைப் பெருக்கினால் அந்தக் குப்பையைக் கொட்ட மாட்டேன், சலிப்பேன்." வெள்ளித் தூளுக்காக. கூட்டம் நிமிர்ந்தது. சேதாரத்தைப் பற்றி அவர் பேச வந்ததற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

அடுக்குமொழியில் பேசினால்தானே கைதட்டுவார்கள்?

தட்டுவார்கள், அந்த நிமிடம். சேலம் பேச்சுக்குப் பழகிய ஊர். 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது இங்கே நடந்த மாநாட்டில்தான். அதில் நிறைவேறிய தீர்மானத்தை இன்றும் அண்ணாதுரை தீர்மானம் என்கிறார்கள். எதுகையும் மோனையுமாக அண்ணா பேசிய பாணி அதன்பின் தமிழ் மேடையை ஆட்கொண்டது. இதே சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி. அவர் பேச்சில் அந்த அலங்காரம் கிடையாது. எளிய வாக்கியம், வக்கீலின் தர்க்கம். இரண்டு பேரையும் மக்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

அண்ணாவின் அடுக்குமொழிக்குப் பின்னால் வாசிப்பு இருந்தது, வாதம் இருந்தது. நம் இளைஞர்கள் அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 'விதையாக விழுந்து, விருட்சமாக எழுந்து' என்று ஒருவர் முழங்கினார். யார் விழுந்தார், எங்கே எழுந்தார் என்று கேட்டேன், பதில் இல்லை. மோனை தானாக வந்து விழுந்தால் இருக்கட்டும். அதைத் தேடிப் போக வேண்டாம்.

நடையைப் பொறுத்தவரை, செந்தமிழில் தொடங்கி, கதை சொல்லும் இடத்தில் உங்கள் ஊர்ப் பேச்சுக்கு இறங்கி, மறுபடி ஏறுவது நன்றாகவே இருக்கும். கொங்குச் சாயலை மறைக்கப் பாடுபடாதீர்கள்.

எனக்கு ழகரம் வராது. கேலி செய்கிறார்கள்.

நாக்கு எங்கே போகிறது என்று தெரிந்தால் வரும். 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடுகிறது. 'ள' சொல்லும்போது பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. 'ழ'வுக்கு அதே வளைவுதான், ஆனால் எங்கும் தொடாமல் காற்றை விட வேண்டும். 'மலையில் மழை' என்று நூறு தடவை சொல்லுங்கள், ஏற்காட்டுக்காரர்களுக்குப் பொருளோடு பயிற்சி. பிறகு பள்ளி, பல்லி. விழி, விளி, வலி. கண்ணாடி முன்னால் அல்ல, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலை உங்களுக்கே பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். பேசும்போது நம் குரலை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை.

வாக்கியத்துக்கு வாக்கியம் 'வந்து' வருகிறது. எப்படி நிறுத்துவது?

எங்களிடம் ஒரு எவர்சில்வர் டம்ளரும் புளியங்கொட்டைகளும் இருக்கின்றன. ஒருவர் பேசும்போது இன்னொருவர் 'வந்து', 'அதாவது', 'பார்த்தீர்களென்றால்' ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டையை டம்ளரில் போடுவார். டங்கென்று கேட்கும். கணக்கர் முதல் வாரம் மூன்று நிமிடத்தில் முப்பத்தொரு கொட்டை வாங்கினார், ஐந்தாவது வாரம் நாலு. யோசனை எங்களுடையது அல்ல. 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இப்படி எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். புளியங்கொட்டை மட்டும் எங்களுடையது.

அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகுவதுதான் மருந்து.

மைக்கை எப்படிப் பிடிப்பது?

வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, மோவாய்க்கு நேராக. நேரே வாயெதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நடக்காதீர்கள். பெட்டியின் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து சுற்றுவதால்தான் அந்தக் கீச்சொலி வருகிறது. ஊதிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். மைக்செட்காரரிடம் முன்னதாகவே இரண்டு வார்த்தை பேசி வைத்துக்கொண்டால் அவர் உங்களைக் காப்பாற்றுவார். கல்யாண மண்டபங்களில் எதிரொலி அதிகம். அங்கே வழக்கத்தைவிட மெதுவாகப் பேசுங்கள், சத்தமாக அல்ல.

பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம் என்கிறார்களே?

அப்படியானால் நான் பாரசீகத்தில் பேசினாலும் உங்களுக்கு 93 சதவீதம் புரிய வேண்டும். 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளிலிருந்து எடுத்த எண் இது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, முகப் படங்களைக் காட்டி, சொல்கிறவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார். சொல்லும் முகமும் முரண்படும்போது முகத்தை நம்புகிறோம் என்பதே அதன் செய்தி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்குத்தான் அது காதில் விழவில்லை.

கையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கவாட்டில் தொங்கட்டும். பொருளில் ஈடுபட்டால் அது தானே எழும்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்து. 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் எட்வர்ட் எவரெட் என்ற புகழ்பெற்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து வந்த லிங்கன் சுமார் 270 சொற்களில் முடித்தார், மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்வேன் என்ற பொருளில் மறுநாள் எவரெட்டே லிங்கனுக்கு எழுதினார்.

உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு நிமிடம் இயல்பாகப் பேசிப் பதிவு செய்து சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லும் நிமிடத்துக்கு 130, 150 கணக்கு நமக்கு ஒத்து வராது, ஏனென்றால் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதைத் தமிழ் ஒரே சொல்லாக எண்ணுகிறது.

எங்கே போய்ப் பழகுவது? யாரும் என்னை மேடைக்குக் கூப்பிடவில்லையே.

நன்றியுரையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், எல்லோரும் பசியோடு இருப்பதால் சுருக்கமாக முடித்தால் வாழ்த்துவார்கள்.

அதைவிட நல்ல இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். எங்கள் வகுப்புக்கு வந்த மகளிர் குழுப் பெண் ஒருவர் மூன்று வாரம் பயிற்சி எடுத்தது நாலு வாக்கியத்துக்காக: "எங்கள் தெருவில் 42 வீடு. குழாய் ஒன்று. காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் எட்டரைக்குத்தான் என் குடம் நிறைகிறது. இன்னொரு குழாய் வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதுங்கள்." முதலில் அவர் எழுதி வந்தது 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் ஓடியது. அந்த எட்டரை மணி அதில் எங்குமே இல்லை, பேச்சுவாக்கில்தான் வாயிலிருந்து விழுந்தது.

ஏற்காட்டில் நிகழ்ச்சி. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மலையேறும் பஸ்ஸில் குறிப்பைப் படிக்காதீர்கள், ஆறாவது வளைவிலேயே தலை சுற்றும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்து தொண்டை இறுகும், வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோங்கள். மழை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

பேசி முடித்தபின் எப்படி இருந்தது என்று யாரிடம் கேட்பது?

'எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்றுதான் வரும், அதில் ஒன்றும் கிடைக்காது. 'எந்த இடத்தில் உங்கள் கவனம் போனது?' என்று கேளுங்கள். முகதாட்சண்யம் பார்க்காத ஒருவராக இருக்க வேண்டும். எனக்கு வீட்டிலேயே இருக்கிறார். பணி ஓய்வு விழாவில் என் ஏற்புரையைப் பற்றி அன்றிரவு இதைக் கேட்டேன். என் மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கியபடியே சொன்னார்: "இரண்டாவது தடவை 'இறுதியாக' என்றீர்களே, அப்போதே நான் வெளியே போய் நம் இரண்டு பேர் செருப்பையும் தேடி எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை சொன்னபோது பக்கத்தில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்."